மெதுவாக யோசிக்கிறவர்

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு மாலைகள் றக்பி விளையாடப் போவேன். கொழும்பில் பள்ளிக்கூட அணிக்கு நான்கு வருடம் ஸ்க்ரம் ஹாஃப் ஆக நின்றவன் நான். முட்டி மோதும் கூட்டத்தின் காலடியிலிருந்து பந்தை எடுத்து, யாருக்கு எறிவது என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கிற இடம் அது. பேர்ண் கழகத்திலும் அதையே தந்திருந்தார்கள். என் ஜெர்மன் அரைகுறை. மைதானத்தில் அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

இரண்டாவது வருடம் புதுப் பயிற்சியாளர் வந்தார். உளவியல் படிக்கும் மாணவி ஒருத்தியைக் கூட்டிவந்து, யார் எந்த இடத்துக்குப் பொருத்தம் என்று மூளையைச் சோதித்து முடிவெடுக்கப் போவதாகச் சொன்னார். எல்லோருக்கும் தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்வியிலும் மைதானத்தின் படம், வீரர்களுக்குப் பதிலாகப் புள்ளிகள், கீழே நாலு வரி ஜெர்மன். படத்தைப் பார்த்ததுமே பந்து எங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கேள்வி எதைக் கேட்கிறது என்றுதான் தெரியவில்லை. பெரும்பாலும் இரண்டாவது வரியைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். புரிந்த சிலவற்றுக்கு மட்டும் விடை எழுதி, பாதிக்கு மேல் வெறுமையாக விட்டேன்.

அடுத்த பயிற்சியில் எல்லோரையும் நிற்கவைத்து முடிவுகளை வாசித்தார். சோதனையில் கடைசி இடம் எனக்கு.

"நல்ல கால்கள். ஆனால் மெதுவாக யோசிக்கிறவர். இனி ஓரத்தில் ஓடட்டும். யோசிக்கிற வேலையை மற்றவர்கள் பார்ப்பார்கள்."

சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பதில் சொல்ல ஜெர்மன் சொற்களைத் தேடினேன். அந்தத் தேடலே அவர் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது.

என்னோடு அறையில் இருந்த அண்ணை மன்னார்க்காரர். கதையைக் கேட்டுவிட்டு, "விடு தம்பி. விசா கிடைக்குமட்டும் ஒருத்தரோடையும் சண்டைக்குக் கொளுவாதை" என்றார்.

"ஓம் அண்ணை, தட்டுக் கழுவச் சொன்னா கழுவிறன். மொக்கன் எண்டு சொன்னா அதையும் கேட்டுக்கொண்டு நிக்கிறதோ?"

அவர் என் கோப்பையில் தேநீர் ஊற்றினார். "அப்ப அந்தச் சோதினை வைச்ச பெட்டையோடை போய்க் கதைச்சுப் பார்."

லீவு நாளில் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அவள் என் தாளை எடுத்துப் பார்த்தாள். எழுதிய விடைகளில் ஒன்றுகூடப் பிழையில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது. வேறு படங்களை எடுத்தாள். என்ன செய்யவேண்டும் என்று முதலிலேயே மெதுவாக விளக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். முடிவில் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தாள். "இவ்வளவு வேகமாக இதுவரை ஒருவரும் செய்யவில்லை. பிழை என்னுடையது" என்றாள். அதைப் பயிற்சியாளருக்குக் கடிதமாகவும் எழுதினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

பயிற்சியாளர் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாகக் கூப்பிட்டார். "சனிக்கிழமை உன் பழைய இடத்தில் விளையாடு." நான் நன்றி சொல்வேன் என்று காத்து நின்றார்.

"எல்லாருக்கும் முன்னால் சொன்னதை, எல்லாருக்கும் முன்னால் மாற்றிச் சொல்லுங்கள்" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஜெர்மன் வசனம்.

"அது எதற்கு? விளையாட்டுத்தானே!" என்று சிரித்தார்.

கழகத்துச் சட்டையைக் கழற்றி அவருடைய கார்மேல் போட்டுவிட்டு, குளிரில் உள்பெனியனோடு பஸ் ஏறினேன். ஒரு வெற்றுத் தாளை நம்ப அவருக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. அந்த மாணவி எழுதிய கடிதத்தை மட்டும் மறைவில் வைத்துத்தான் நம்பினார்.

சில நாள் கழித்து அணியைச் சேர்ந்த இருவர் சமையலறை வாசலுக்கு வந்து, திரும்பி வரச் சொன்னார்கள். "அன்று நீங்களும் சிரித்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவன் நிலத்தைப் பார்த்தான். மற்றவன் "ஆமாம், சிரித்தேன்" என்றான். அவனோடு இன்றைக்கும் கதைக்கிறேன்.

அந்தப் பயிற்சியாளர் மேலும் இரண்டு வருடம் அங்கே இருந்தார். நான் போகவில்லை. இருபத்தாறு வயதில் விளையாட்டை விட்டதற்காக என்மேலும் எனக்குக் கோபமுண்டு. ஆனால் அது சின்னக் கோபம்.