ரகசியக் கேள்விக்கு கௌஸ் சொன்ன பொய்

“உன் பேச்சக் கேட்டேன் பாரு... என்னைச் சொல்லணும்!”

விடுமுறைக்குக் காஞ்சிபுரம் வந்து இறங்கிய மறுநாள் காலை. நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. வாசலில் கௌஸ் நிற்கிறான். கையில் இந்தப் பத்தியின் பழைய பக்கம் ஒன்று, நாலாக மடித்து.

கௌஸும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்ச். இப்போது பட்டுப்புடவைக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறான். எந்தக் கடைக்கு எத்தனை இஞ்ச் பெட்டி, எந்தக் கடைக்கு மூடியில் தங்க நிறக் கோடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதைவிட முக்கியம் — அவன் என் வாசகன். ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்துகொண்டு ‘இந்த பட்டனை அமுக்குங்கள், அந்த ஃபைலைத் திறக்காதீர்கள்’ என்று நான் வாராவாரம் எழுதுவதை, வரிக்கு வரி செய்து பார்க்கிற ஜீவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

அதுதான் வினையாகிவிட்டது.

சில வாரங்களுக்கு முன் பாஸ்வேர்டு பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கலாம். பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள். எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். அப்புறம் அந்த ரகசியக் கேள்வி... பாஸ்வேர்டு மறந்துவிட்டால் மெயில் கம்பெனி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். நீங்கள் முன்பே கொடுத்து வைத்த பதிலைச் சொன்னால் கதவு திறக்கும். ‘உங்களுக்குப் பிடித்த உணவு எது?’ மாதிரி. நம் ஊரில் இதெல்லாம் ஒரு ரகசியமா? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதா உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று? ஆகவே, உண்மையைச் சொல்லாதீர்கள், ஒரு பொய்யைச் சொல்லி வையுங்கள் என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, ‘ஆகா, என்ன யோசனை!’ என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கௌஸ் மூன்றையும் ஒரே நாளில் செய்திருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றினான். எழுதி வைக்கவில்லை. பொய் சொல்லி வைத்தான்.

ஒரே வாரத்தில் பாஸ்வேர்டு மறந்துபோனது. பொய்யும் மறந்துபோனது.

“இன்னா பொய் சொன்னேன்னு ஞாபகமே வரல ரங்கா. பொய் சொல்லிப் பழக்கமில்ல பாரு...”

நான் சிரித்துவிட்டேன். “போவுது விடுடா. இன்னொரு மெயில் ஐடி தொறந்துட்டாப் போச்சு. அஞ்சு நிமிஷம்.”

அவன் சிரிக்கவில்லை.

“அதுல ஷாஹிதா இருக்குது.”

ஷாஹிதா அவனுடைய தங்கை. கல்யாணமாகி டொராண்டோவுக்குப் போனவள். ஆறு வருடங்களுக்கு முன் இவர்களுடைய அப்பா — இவர்கள் பேச்சில் அத்தா — இறந்தபோது, அவளுக்குக் குடியுரிமைக் காகிதங்கள் பாதியில் நின்றிருந்தன. அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. கையில் ஆறு மாதக் குழந்தை. வரவில்லை. போனில் அழுதாள். கௌஸ் கேட்கிற நிலையில் இல்லை. “அத்தாவோட கடைசி முகம் பாக்க வராதவ எனக்குத் தங்கச்சியே இல்ல” என்று சொல்லி போனை வைத்துவிட்டான். வீட்டிலும் எல்லோருக்கும் சொல்லிவிட்டான் — அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது.

எடுக்கவில்லை. ஆறு வருடம்.

இந்த வருடத் தொடக்கத்தில் டொராண்டோவில் ஷாஹிதாவின் மேல்மாடி வீட்டுத் தமிழ் அம்மாள் ஒருத்தி, அவளுக்குக் கொஞ்சம் முறுக்கு கொடுத்திருக்கிறாள். எதில்? பழைய புடவைப் பெட்டியில். நம் ஜனங்கள் எந்தக் கண்டத்துக்குப் போனாலும் புடவைப் பெட்டியைத் தூக்கிப் போடுவதில்லையே! முறுக்கு தீர்ந்ததும் பெட்டியைத் தட்டிக் கவிழ்த்தவள், அடியில் சின்ன எழுத்தில் அத்தா பெயரில் உள்ள கம்பெனியின் பெயரைப் பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு மெயில் ஐடி. ‘தொழில் செய்கிறவர்கள் எதிலெல்லாம் பெயர் போடுகிறீர்களோ அதிலெல்லாம் மெயில் ஐடியையும் போடுங்கள்’ என்று ஓர் அறிவாளி எழுதியதைப் படித்து கௌஸ் அச்சடித்தது.

ஒரே ஒரு வரி எழுதினாள். ஆங்கில எழுத்தில் தமிழ். ‘அண்ணே, இது நம்ம அத்தா கடைப் பெட்டிதானே?’

கௌஸ் பத்து நாள் கழித்துப் பதில் போட்டான். ‘ஆமாம்.’

அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்ததும் பிரவுசிங் சென்டர். அவள் மகள் பள்ளிக்குப் போகிற கதை, பனியில் வழுக்கி விழுந்த கதை... இவன் ஊர்க் கதை. அத்தாவைப் பற்றி இருவருமே எழுதவில்லை. போன் நம்பரை அவள் கொடுக்கவில்லை, இவன் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டுமே! கடைசியாகப் பேசியது என்ன என்று இரண்டு பேருக்கும் மறக்கவில்லை.

“சரி, அவ மெயில் ஐடி தெரியுமில்ல? புது ஐடிலேர்ந்து எழுது.”

“யார்ரா அதப் பாத்தது? அவ எழுதுவா, நான் ரிப்ளை அமுக்குவேன்.”

யோசித்துப் பாருங்கள். ரிப்ளை பட்டன் வந்த பிறகு, எத்தனை பேருடைய விலாசம் நமக்குத் தெரியும்?

இதில் ஒரு கெடு வேறு. அந்த இலவச மெயிலை முப்பது நாள் திறக்காவிட்டால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடுவார்கள். கௌஸ் எண்ணி வைத்திருந்தான். அன்றைக்கு இருபத்தாறாவது நாள்.

பல் விளக்கிக்கொண்டு கிளம்பினேன்.

காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புக்குள் இரண்டு பேரும் ஒரு நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்தோம். கேள்வி வந்தது. உங்களுக்குப் பிடித்த உணவு எது? மூன்று முறை தப்பாகச் சொன்னால் ஒரு நாள் பூட்டு.

“உனக்கு எது பிடிக்காது?”

“உப்புமா.”

அடித்தோம். தப்பு.

“ஒருவேள உனக்குப் பிடிச்சதப் போட்டிருப்பேனோ? உங்க வீட்டுப் புளியோதரை?”

தப்பு.

“காஞ்சிபுரம் இட்லி! அதான்டா! எனக்கு சுக்கு வாசனையே ஆவாது.”

நல்லது. ஆனால் காஞ்சிபுரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ரயில்வே ஸ்டேஷனில் ஒரு மாதிரி, பஸ்ஸில் ஒரு மாதிரி, புடவைக் கடையில் மூன்றாவது மாதிரி. கௌஸின் பெட்டிகளிலேயே நான்கு விதம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அடித்தோம்.

பூட்டிக்கொண்டது. நாளை வா என்றது.

வெளியே வந்து டீ வாங்கினோம். அவன் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நானா எழுதறத நிறுத்திட்டேன்னுதானே அவ நெனப்பா? மறுபடியும் தொரத்திட்டான்னு...”

இந்த மாதிரிக்கெல்லாம் என்னிடம் டிப்ஸ் கிடையாது.

டீக்குக் காசு கொடுக்கும்போது ஒன்று தோன்றியது. “டேய், நீ என்னென்ன பொய் சொல்வேன்னு யாருக்குத் தெரியும்?”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “ரஹீமாவுக்கு.”

ரஹீமா அவன் மனைவி. அவளிடம் கேட்பதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பெயரை எடுக்கக் கூடாது என்று வீட்டுக்கே உத்தரவு போட்டவனே மூன்று மாதமாக ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும். டீயைக் குடிக்காமலே டம்ளரை வைத்தான். வீட்டுப் பக்கம் நடந்தான்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. பசை வாசனை. ரஹீமா கீழே உட்கார்ந்து மூடிகளுக்கு விளிம்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். கௌஸ் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. ஷாஹிதா என்ற பெயர் வந்தபோது மட்டும் ஒரு காகிதம் கோணலாக ஒட்டிக்கொண்டது.

“அப்ப வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஏனாத்தூர்ல பார்ட்டியப் பாக்கப் போறேன்னு சொன்னது...”

“ம்.”

“நான் இன்னாவெல்லாம் நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாமான்னுகூட நெனச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமா, நிம்மதியா — எனக்குப் புரியவில்லை. “கூடப் பொறந்தவளுக்குக் கடுதாசி போட இத்தினி திருட்டுத்தனமா?”

கௌஸ் கீழே உட்கார்ந்து, கோணலாக ஒட்டிய காகிதத்தைப் பிரித்தான்.

என் பக்கம் திரும்பினாள். “கேள்வி இன்னாண்ணா?”

“பிடிச்ச சாப்பாடு எதுன்னு. அதுக்கு இவன் ஒரு பொய் சொல்லியிருக்கான்.”

ஒரு நொடிகூட ஆகவில்லை. “பாவக்கா.”

“பாவக்காயா?”

“எங்கம்மா வீட்டுக்கு எப்பப் போனாலும், ‘உங்க பாவக்கா கறி மாதிரி வராது, எனக்கு உசுரு’ன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்புடுவாரு. வீட்டுக்கு வர்ற வழியில மூஞ்சப் பாக்கணுமே! ஏனாத்தூர் பொய் மூணு மாசமாத்தான். பாவக்கா பொய் பதினாலு வருசமா.”

கௌஸ் வாயைப் பிளந்தான். “உனக்குத் தெரியுமா? அப்ப ஏன் மாசத்துக்கு ரெண்டு தபா பண்ணிப் போடற?”

“நீதானே உசுருன்னு சொன்ன?”

மறுநாள் மூன்று பேரும் போனோம். ரஹீமா பிரவுசிங் சென்டருக்குள் காலெடுத்து வைப்பது அதுவே முதல் தடவை. தடுப்புக்குள் இடமில்லை, அவளை உட்கார வைத்துவிட்டு நாங்கள் பின்னால் நின்றோம். ஆங்கில எழுத்தில் பாகற்காய் என்று எழுதினேன். தப்பு. பேச்சுவழக்கில் பாவக்காய் என்று எழுதினேன். தப்பு. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

“இருண்ணா,” என்றாள் ரஹீமா. “அவரு பேப்பருக்குப் போடற பி போட மாட்டாரு. பம்பாய்க்குப் போடற பி-தான் போடுவாரு. பெட்டின்னு எழுதறதே அப்டித்தான்.”

பம்பாய் பி. கடைசியில் ஒரே ஒரு ஏ.

திறந்துகொண்டது.

ஷாஹிதாவிடமிருந்து நான்கு மெயில்கள். முதலாவதில் மகளுக்குப் பல் விழுந்த செய்தி. இரண்டாவதில், ‘வேலை அதிகமா அண்ணே?’ மூன்றாவதில், ‘நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?’ நான்காவது ஆறு நாள் முன்னால் வந்தது. ‘சரிண்ணே. இனிமே தொந்தரவு பண்ணல. இவ்ளோ நாள் எழுதினதே போதும். நல்லா இருங்க.’

நான் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எழுதுடா,” என்றேன். அவன் கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். ரஹீமாதான் எழுதினாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி. பத்து நிமிடம் ஆயிற்று. ‘நான் ரஹீமா. உங்க அண்ணன் மறந்தது பாஸ்வேர்டைத்தான், உங்கள இல்ல. நம்பர் அனுப்புங்க.’

கூடவே தங்கள் வீட்டு நம்பரையும் போட்டாள். ரிப்ளைக்குக் காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

நம்பர் வரவில்லை. போனே வந்தது, அடுத்த நாள் மாலை. நம்பர் வந்ததா என்று கேட்க நான் போனபோது கௌஸ் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தான். அந்தப் பக்கமும் பேச்சில்லை போலிருக்கிறது. கடைசியில் இவன்தான் ஆரம்பித்தான்.

“அன்னைக்கி நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா.”

நான் வெளியே வந்துவிட்டேன்.

இந்த வாரத்துக்கான டிப்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டருக்கு உண்மை பொய் தெரியாது. முதலில் சொன்னதையே அச்சு மாறாமல் திரும்பச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் நியாயம். அதனால் பொய் சொல்கிறவர்கள், அதை நினைவில் வைத்திருக்கிற ஆள் ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரோடு கொஞ்சம் உண்மையும் பேசிக்கொண்டிருங்கள்.

ஸ்டாக்ஹோம் திரும்பியதும் என் மனைவியிடம் விளையாட்டாகக் கேட்டேன்: “நான் சொல்ற பொய் ஏதாவது உனக்குத் தெரியுமா?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: “எந்த வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?”