ஏணி ரெக்கார்டில் ஒரு ஜம்ப்

அடுகோடியில் குடியிருந்த ஓஸ்வால்டுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். முப்பது வருடம் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் உட்கார்ந்து, மயிரிழை பிசகிய உருப்படியைக்கூட ரிஜெக்ட் என்று ஒதுக்கிய மனிதர். வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு ரிஜெக்ட் செய்ய அவருக்கு இரண்டே கிடைத்தன. ஒன்று மனைவி வைக்கும் மீன் குழம்பு. இன்னொன்று பழைய ராக் ஆல்பங்களைப் புதுப்பித்து வெளியிடும் சி.டி.கள். குழம்பைத் திட்டினால் மறுநாள் குழம்பு இருக்காது. அதனால் திட்டு முழுவதும் சி.டி.களுக்கே போனது.

2001இல் அவரிடம் ஒரே ஆல்பத்தின் மூன்று சி.டி.கள் இருந்தன. அட்டையில் சிவப்பு ஏணி வரைந்த ஆல்பம் என்பதால் அவருடைய வட்டத்தில் அதற்கு 'ஏணி' என்றே பெயர். முதல் சி.டி. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடியது போலிருந்தது. இரண்டாவதில், இரைச்சலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று யாரோ ஒரு புத்திசாலி சிம்பல் தாளத்தட்டின் சிலிர்ப்பையும் சேர்த்துத் துடைத்திருந்தான். மூன்றாவது சமீபத்தில் வந்த ஆண்டுவிழாப் பதிப்பு. முணுமுணுக்கிற இடமும் கத்துகிற இடமும் ஒரே சத்தம். ஓஸ்வால்ட் அதைப் பாதியிலேயே நிறுத்தி உறைக்குள் போட்டார்.

ஆனால் இதெல்லாம் மன்னிக்கக்கூடிய குற்றங்கள். மன்னிக்க முடியாதது இரண்டாவது பக்கத்து மூன்றாவது பாட்டில் இருந்தது. அவர் 1973இல் வாங்கிய ரெக்கார்டில், கிட்டார் தனியாக ஏறிக்கொண்டே போகும்போது டிரம்மர் டிரம்மின் விளிம்பில் 'டக்' என்று ஒரு தட்டு தட்டுவார். உடனே குழு முழுவதும் நாலு தட்டு தூரத்தைத் தாண்டி அடுத்த வரியில் போய்க் குதிக்கும். கன்டோன்மென்ட் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் அந்த ரெக்கார்டிலிருந்து எடுத்த கேசட்டில்தான் பாட்டைக் கற்றார்கள். அந்த இடத்துக்கு 'ஜம்ப்' என்று பேர் வைத்து, மேதைகளுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று சிலாகித்தார்கள். மூன்று சி.டி.யிலும் அந்த டக் இல்லை. ஜம்ப்பும் இல்லை. நாலு தட்டைக் கொண்டுவந்து அடைத்து, பாட்டைச் சமதரையாக்கி வைத்திருந்தார்கள்.

அவர் இதில் இத்தனை வெறியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1977 கிறிஸ்துமஸ் நடனத்தில் அவருடைய குழு இந்தப் பாட்டை வாசித்தது. ஒத்திகைக்கு நேரமில்லாமல் கடைசி நாளில் லீட் கிட்டார் வாசிக்க வந்து சேர்ந்த டிரேவர் ஜம்ப் போடாமல் நேராக வாசித்துக்கொண்டே போக, குழு மேடையிலேயே சிதறியது. கூட்டம் சிரித்தது. ஓஸ்வால்ட் மைக்கைப் பிடித்து, "மொதல்ல எண்ணக் கத்துக்கிட்டு வா மேன்" என்று சொல்லி அவனைக் கீழே இறக்கினார். தான் பாட்டைக் கற்ற கோலார் தங்கவயல் சித்தப்பா வீட்டு ரெக்கார்டில் ஜம்ப் இல்லை என்று டிரேவர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. டிரேவர் அடுத்த வாரமே கிட்டாரை விற்றுவிட்டான். அவர்கள் பேசி இருபத்து நாலு வருடம் ஆகிறது. ஜம்ப் சரியாக இருந்தால்தான் அன்று ஓஸ்வால்ட் செய்ததும் சரி.

மூன்றாவது சி.டி.யையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்கார உமேஷ் பொறுமை இழந்தான்.

"அங்கிள், மூணு சி.டி.யும் தப்பு, உங்க ரெக்கார்ட் ஒண்ணுதான் கரெக்டா?"

"ஒருத்தன் டேப்பை நாசம் பண்ணிட்டான்பா. மத்த ரெண்டு பேரும் அவனைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கானுங்க. த்தூ."

"நேத்து ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு வீட்டைக் காலி பண்ணப்போ பழைய ரெக்கார்ட் கட்டு ஒண்ணு வந்துச்சு. உங்க ஏணியும் அதுல இருக்கு. சும்னே, சும்மா ஒரு தடவ கேட்டுப் பாத்துடுங்க."

ஓஸ்வால்ட் துள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். கடையிலிருந்த நாலு பேருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கிட்டார் ஏறியது. அவர் விரலைத் தூக்கிக் காத்திருந்தார். டக் வரவில்லை. நாலு தட்டும் ஒன்று குறையாமல் வந்து, பாட்டு பாட்டுக்குப் போனது. உமேஷ் சிரிக்கவில்லை, அதுவே அவருக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தன் ரெக்கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் நகக்கீறல் போல ஒரு சின்னக் கோடு. முள் அங்கே தடுக்கி, டக் என்று ஒரு சுற்று தாண்டி விழுந்திருக்கிறது. அடுத்தவன் உருப்படியில் மயிரிழையைப் பிடித்த கண்ணுக்கு, சொந்த ரெக்கார்டின் கீறல் இருபத்தெட்டு வருடம் தெரியவில்லை.

மறுநாள் பஸ் ஏறி ஹெப்பகோடிக்குப் போனார். டிரேவர் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஓஸ்வால்ட் நேராக விஷயத்துக்கு வராமல் கால் மணி நேரம் சி.டி. கம்பெனிகளைத் திட்டினார். டிரேவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஓஸ்வால்ட் ரெக்கார்டை உருவிக் கீறலைக் காட்டினார்.

"இதான்டா ஜம்ப். நீ வாசிச்சதுதான் சரி. தப்பு பண்ணது நான். மன்னிச்சுடு."

டிரேவர் கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் உன்னைத்தான் நம்பினேன்" என்றார். "கே.ஜி.எஃப். சித்தப்பா வீட்டு ரெக்கார்ட்தான் தப்பு, எனக்குத்தான் தாளம் நிக்கலைன்னு நெனச்சுட்டேன். என் பொண்ணு மௌரீன் பத்து வயசுல கிட்டார் வேணும்னு அழுதா. நம்ம வீட்ல யாருக்கும் தாளம் வராதும்மா, நாலு பேர் முன்னாடி நீதான் அசிங்கப்படுவேன்னு சொல்லி வாங்கித் தரல."

அவர் மகள் மௌரீன் டீயுடன் உள்ளிருந்து வந்தவள் அப்படியே நின்றாள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த கால் சென்டர் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"அப்போ எனக்குத் தாளம் வந்திருக்குமா டாடி?"

டிரேவர் ரெக்கார்டை உறைக்குள் செருக ஆரம்பித்தார். பதிலுக்காக அவள் ஓஸ்வால்டைப் பார்த்தாள்.