பத்து நாள் லீவும் பத்து மணிச் சோறும்

பிள்ளைகளே, போன மாதம் என்னையும் உங்கள் அம்மாவையும் பினாங்குக்குக் கூட்டிப்போனீர்கள். நல்ல ஓட்டல், ஜன்னலைத் திறந்தால் கடல், ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் பசியாறும் இடத்தில் தட்டுத் தட்டாகச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோனவர்களைப் பார்த்து நான் முணுமுணுத்தது உங்களுக்கு வருத்தம். அப்பாவுக்கு எங்கே போனாலும் சண்டைதான் என்று சின்னவன் சொன்னது என் காதில் விழுந்தது. சரி. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எனக்கு வந்த அளவில் எழுதுகிறேன். நாங்கள் அந்த ஊருக்கு முதல்முதலாகப் போன கதையைத் தெரிந்துகொண்டு, பிறகு என்னைத் திட்டுங்கள்.

அது வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். ஜாசின் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் உங்கள் அம்மாவும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. ஒரு பிடி சோறு கேட்டைத் தாண்டக் கூடாது. சீனி போட்ட கோப்பி கூடத் தாண்டக் கூடாது.

அதுவரை தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மரமெல்லாம் வெட்டி முடித்து, பால் வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில், பத்து மணி வாக்கில், அவரவர் மர நிரையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்போம். பழைய சோறோ கருவாட்டுக் குழம்போ, அந்த ஒரு வேளையில்தான் மிச்ச வேலை ஓடும். அதைத்தான் எடுத்துவிட்டார்கள். விடிந்ததும் கேட்டில் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தடவிப் பார்ப்பான். பெண்களைத் தடவ ஒரு பொம்பளையை வைத்திருந்தார்கள். வாளியைக் கவிழ்க்க வேண்டும், முந்தானையை உதற வேண்டும். பிறகு போய் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வர மத்தியானம் இரண்டு மணி. அதுவரை பச்சைத் தண்ணீர்.

அந்தச் சட்டத்தை எழுதியவன் பத்து மணிக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பான். காட்டில் இருந்தவர்கள் மட்டும் என்ன, யோக்கியர்களா? அவர்கள் எங்கள் சோற்றைக் கேட்டார்கள், இவர்கள் எங்கள் சோற்றைப் பிடுங்கினார்கள். எங்கள் வயிற்றைப் பற்றி இரண்டு பேரும் கேட்கவில்லை.

உங்கள் பெரிய அக்காவுக்கு முன்னால் உங்கள் அம்மாவுக்கு ஒன்று உண்டானது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், பால் வாளியோடு நிரையிலேயே மயங்கி விழுந்தாள். அது தங்கவில்லை. பொம்பளைகளுக்கு இதெல்லாம் நடக்கிறதுதான் என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. எனக்கு அவரை அடிக்கக் கை வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது.

அடுத்த வருஷம் மறுபடி உண்டானாள். ஆறாம் மாதம் முகமெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் நல்ல மனிதர். பத்து நாள் ஓய்வு வேண்டும், கடற்காற்று நல்லது என்று துரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். துரை கையெழுத்துப் போட்டார். போலீசில் பாஸ் வாங்கினோம். பதினோராம் நாள் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் இரண்டு பேரும் நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன் என்று சொல்லித்தான் கிராணி அனுப்பினார்.

பினாங்கில் உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் பெற்றவர்கள் இறந்துவிட்டதால், உங்கள் அம்மாவுக்குத் தாய்வீடு என்றால் அந்த வீடுதான். தம்பினில் ரயிலேறி, மறுநாள் பிறை ஸ்டேஷனில் இறங்கி, தீவுக்குப் போகும் ஃபெரிக்குப் போனோம். அங்கே ஒரு கேட். டிக்கெட் பார்க்கிறவர் கையை நீட்டினார். உங்கள் அம்மா மூட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் நான், காலித் தூக்குச்சட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"என்னம்மா, டிக்கெட்டத்தான கேட்டேன்," என்றார் அவர்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் இஸ்திரிச் சட்டை போட்ட ஒரு தமிழர் மனைவியோடு நின்றார். "எஸ்டேட் ஆளுங்க லா. கூண்டத் தொறந்து விட்டா இப்படித்தான்," என்றார் அந்த அம்மாளிடம். இரண்டு பேரும் சிரித்தார்கள். உங்கள் அம்மாவும் கையை இறக்கிவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊர் அழகான ஊர், அதில் பொய் சொல்ல மாட்டேன். மாமா வீடு மாடியில்; கதவைத் திறந்து போட்டால் காற்று அடுப்பை அணைக்கும். மின்சாரத்தில் ஓடும் பஸ்ஸில் ஏறிக் கடைசி வரை போய், அதிலேயே திரும்பி வருவோம். சாயங்காலம் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து அவித்த கச்சான் கடலை தின்போம். மாமாவின் மனைவி, உங்கள் அத்தை, காலையில் பத்து மணிக்குச் சரியாக ஒரு தட்டுச் சோறு போட்டு, சாப்பிட்டுவிட்டுப் படு என்று அம்மாவை மிரட்டுவார். நான்காம் நாளே அம்மாவின் முகத்தில் ரத்தம் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவ்வளவுதானா மருந்து? ஒரு தட்டுச் சோறுதானா?

அந்த ஊரில் என்னை ஆட்டிவிட்டது இன்னொன்று. தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் தோளில் மூங்கிலைப் போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் கறிச் சட்டியுமாக விற்றுக்கொண்டு போவார். பானை நிறையச் சோறு, நடு ரோட்டில்! ஒரு நாள் வேலைவெட்டி இல்லாமல் அவர் பின்னாலேயே நான்கு தெரு நடந்தேன். யாராவது தடுக்கிறார்களா பார்க்கலாம் என்றுதான். நான்காவது தெருவில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். போலீஸ்காரர் குனிந்து பானைக்குள் பார்த்தார். ஒரு தட்டு வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்.

ஒரே ராஜ்யம், ஒரே போலீஸ் உடுப்பு. இங்கே தெருவில் தோளில் போகிற சோறு, எங்களிடம் ஒரு கவளம் இருந்தால் ஜெயில். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சத்தம் போட்டேன். அத்தை பயந்து ஜன்னலைச் சாத்தினார்.

எட்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னார்: "மாப்பிள்ள, பிள்ள பொறக்கிற வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும். தாய்வீட்டுல பெத்துக்கிறது நம்ம வழக்கந்தான?"

நான் ஏதேதோ சொன்னேன். லீவு பத்து நாள்தான், பெயரை வெட்டிவிடுவார்கள், பெயர் போனால் பிறகு அந்தத் தோட்டத்தில் அவளுக்கு வேலை கிடைக்காது, பாஸில் திரும்பி வருவதாக எழுதியிருக்கிறது. இவ்வளவு நேரம் சட்டத்தைத் திட்டியவன் இப்போது அதே சட்டத்தைப் பாடம் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வரமாட்டேன்னு சொல்லலங்க," என்றாள். "அங்க பத்து மணிக்கு நான் என்னத்த திங்கிறது? அத மட்டும் சொல்லுங்க, மூட்டையக் கட்டுறேன்."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். உங்கள் பெரிய அக்காவின் பிறப்புப் பத்திரத்தில் பினாங்கு என்று இருப்பதற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம். மறுநாள் மாமா அவளைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் வீட்டுப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு வந்தார். நான் தனியாக ரயிலேறினேன்.

பதினோராம் நாள் பெரட்டில் நான் ஒருவனாகத்தான் நின்றேன். கிராணி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கடா உன் சம்சாரம்?"

"பினாங்குல இருக்குங்க."

"அங்க என்ன பண்ணுது?"

"சாப்பிடுதுங்க," என்றேன்.

வரிசையில் யாரோ இருமினார்கள். கிராணி பெயர்ப் புத்தகத்தைப் புரட்டி அவள் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். என்னை அவர் அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே என் நிரையை மாற்றி, மேட்டில் இருந்த பால் வற்றிய கிழட்டு மரங்களில் கொண்டுபோய்த் தள்ளினார். அதற்கும் எனக்கு ஆத்திரம்தான், ஆனால் பயம் இல்லை.

அன்று வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொடியில் உங்கள் அம்மா வெட்டுக்குப் போகும்போது போடும் முழுக்கைச் சட்டை தொங்கியது. பால் தெறித்துத் தெறித்துக் காய்ந்து, மட்டை மாதிரி விறைத்திருந்தது. அடுப்பை மூட்டி, உலை வைக்காமல், இனி அவளுக்கு இது வேண்டாம் என்று அதைச் சுருட்டி உள்ளே தள்ளினேன். ரப்பர் பிடித்த துணி. கரும்புகை விட்டு எரிந்தது. ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குந்தி உட்கார்ந்து, விறகால் அதையும் உள்ளே தள்ளினேன்.