கடைசி உயிர்

அலுவலகத்தில் சூடேறிய அடாப்டரின் பிளாஸ்டிக் வாசனை வந்தால், இன்று இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறைக்கே போய்விடுகிறேன். அங்கே எங்கள் டிவியில் ஒரு நிஞ்சா வீடியோ கேம் ஓடும்: நிலா, ஓட்டுக் கூரைகள், சாய்ந்து பெய்யும் மழை, நிஞ்சாவின் கழுத்தில் படபடக்கும் சிவப்புத் துணி, அடியில் ஒரே தாளத்தில் உறுமும் இசை. சண்டையைவிட அந்த மழைதான் எனக்குப் பிடிக்கும்.

விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி அதில் இல்லை. அந்த கேம் கேசட் என் தோழி வசந்தியுடையது. அன்று மாலை திருப்பித் தர வேண்டும். கடைசிக் கட்டத்தில், நிஞ்சாவுக்கு ஒரே ஓர் உயிர் மிஞ்சியிருக்க, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து, கேம் பெட்டியை அணைக்காமல் டிவியை மட்டும் அணைத்து, எதையும் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கரண்ட் போகலாம், பெட்டியின் அடாப்டர் உருகலாம், அம்மா பிளக்கைப் பிடுங்கலாம் என்று நாள் முழுக்க வரிசைபோட்டுப் பயந்தேன்.

வந்து பார்த்தால் அடாப்டருக்கு எதிரே டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, அடுப்பாட்டம் சுட்டுகினு கீது? தொடாதன்னியே, அதான் காத்து வச்சேன்" என்றாள் அம்மா.

டிவியைப் போட்டு ஸ்டார்ட்டை அழுத்தியதும் மழை மறுபடி பெய்தது. எதிர்க் கூரை வெகு தூரத்தில் இருந்தது. நான் நிஞ்சாவை நகர்த்தவில்லை.

"ஏண்டி அவனை நனைய வுட்டுகினு கீற?"

"குதிச்சா செத்துடுவாம்மா."

"நின்னா மட்டும் பொழைப்பானா? மேல டைமு நம்பரு கொறைஞ்சிகினே கீது பாரு."

கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். என்ன ஆயிற்று என்பது அம்மா "த்சொ" என்று உச்சுக்கொட்டியபோதுதான் தெரிந்தது.