இதுவரை யாரும் ஆராயாத

பட்டாசுத் தொழிலாளப் பெண்களின் மூச்சுத்திணறல் பற்றி என் மகள் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதி, அதன் முன்னுரையைத் திருத்தக் கொடுத்தாள். ‘முக்கியமான’ என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. ‘இதுவரை யாரும் ஆராயாத’ என்பது மூன்று இடத்தில்.

நாரணாபுரம் பட்டாசு ஆலைக்கு வெடிமருந்து கலக்கப் போன பக்கத்து வீட்டுக்காரியிடமும் மகள் பேட்டி எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு முன்னுரையை வாசித்துக் காட்டினேன்.

“உங்க மகளுக்கு முந்தியே நாலு பேரு வந்து எழுதிட்டுப் போனாகளே சார்,” என்றாள் இருமிக்கொண்டே. “எல்லாருக்கும் நாந்தான் மொத ஆளாக்கும்.”

மகளிடம் சொன்னேன்.

“அந்த வரி இல்லேன்னா கட்டுரையத் திருப்பி அனுப்பிருவாகப்பா. காலேஜுல வேல நிரந்தரமாகாது,” என்றாள்.

இரண்டை அடித்தேன். மூன்றாவதை விட்டுவைத்தேன். கட்டுரை வெளிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு வாசலைக் கடக்கையில் நான் இப்போது தலை நிமிர்வதில்லை.