இரண்டாவது வெட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மைக் செட் கட்டுகிறவனுக்குக் கோயில் கொடைத் திருவிழாவும் ஒன்றுதான், துக்க வீடும் ஒன்றுதான், எந்த இடத்திலும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன், அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். நீங்கள் சிரித்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

குற்றாலம், தென்காசி பக்கம் ஸ்டீல் கிட்டார் என்றால் துரைராஜ் அண்ணாச்சிதான். கிட்டாரை மடியில் படுக்க வைத்து, இடது கையில் விரல் நீள இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பார், மனுஷக் குரல் இழுத்து அழுவது மாதிரி இருக்கும். பம்பாய், கல்கத்தா ஆட்கள் வாசித்ததை ரேடியோவில் கேட்டே பழகியவர், அவர்கள் பெயரைச் சொல்லும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். சாரல் காலத்தில் இரும்பு சில்லிட்டுப் போகும் என்று, மேடை ஏறும்முன் அதை அக்குளில் இடுக்கி வைத்துக்கொள்வார்.

"என்ன அண்ணாச்சி, காய்ச்சல் பாக்கியளா?" என்று கேலி செய்தால், "ஏலே, குளுந்த இரும்பு கம்பியில கீச்சிடும். கொஞ்சம் மேலுச் சூட்டக் குடுத்தாத்தான் அது அழும்" என்பார்.

அவரைக் கொன்றது கூடப் பிறந்த தம்பி தங்கையா. இலஞ்சித் தோப்பில் இருவருக்கும் பொதுவாக இருந்த கிணறுதான் காரணம். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் அண்ணாச்சியும் நானும் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம், தங்கையா அரிவாளோடு வந்தான். அண்ணாச்சி இடது கையைத் தூக்கினார், கையில் அந்த இரும்பு இருந்தது. முதல் வெட்டு அதில் விழுந்து 'ணங்' என்று பொறி பறந்தது. அடுத்த வெட்டு கழுத்தில். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மேலே ஏறி, அப்படியே வழுக்கிக் கீழே இறங்கி நின்றது. என் சட்டை முழுக்க ரத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டது தங்கையாவும் நானும் மட்டும்தான்.

மறு வருஷம் வீட்டு முற்றத்தில் நினைவுக் கூட்டம். அண்ணாச்சி படத்துக்கு முன்னால் மேசை போட்டு, கிட்டாரை வைத்து, அதற்கும் ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு வயர் கொடுத்தேன். செத்தவர் வாத்தியத்துக்கு லைன் கொடுத்து வைப்பது எங்கள் கச்சேரிக்காரர்கள் வழக்கம். பக்கத்தில் அந்த இரும்பு, வெட்டுப்பட்ட தழும்போடு. அண்ணாச்சி சம்சாரம் எஸ்தர் மதினி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, காலையிலருந்து வீட்டு அருவாளக் காணோம். தங்கையா ஜாமீன்ல வந்திருக்கான்லா. எம்மவன் ஏதும் செஞ்சிட்டு ஜெயிலுக்குப் போயிட்டான்னா பொறவு எனக்கு யாரு இருக்கா? அவன் பக்கத்துலயே நில்லுங்க."

நின்றேன். மகன் ஜெபராஜ் என் முகத்தையே பார்க்கவில்லை.

போதகர் ஜெபிக்க ஆரம்பித்ததும் மலைப்பக்கமிருந்து காற்று, சாரல், கரண்ட் போய்விட்டது. ஆம்ப்ளிபயரில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஜெனரேட்டரும் கிடையாது. அந்த நேரம் பார்த்துத் தங்கையா குடித்துவிட்டு வந்து நின்றான்.

"ஏலே ஜெபராசு, எங்கலே உங்கப்பன்? டொய்ங்கு டொய்ங்குன்னு இழுப்பானே, இப்ப இழுக்கச் சொல்லுலே, கேப்போம்."

ஜெபராஜ் மேசைத் துணிக்கு அடியில் கையை விட்டான். அரிவாள் அங்கேதான் இருந்திருக்கிறது. பிடிக்கப் போன என்னை முழங்கையால் மூக்கில் இடித்தான், ரத்தம் கொட்டியது. பெண்கள் அலற, சேர்கள் உருள, தங்கையாவைச் சேற்றில் தள்ளி நெஞ்சில் மிதித்துக்கொண்டு அரிவாளை ஓங்கினான்.

அப்போது ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கரண்ட் இல்லை. மேலே ஏறி, வழுக்கிக் கீழே இறங்கி நின்ற அதே சத்தம். தங்கையா காதைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, வேண்டாம்ணே!" என்று கத்தினான். ஜெபராஜ் நிறுத்தவில்லை. அரிவாள் கழுத்தில் இறங்கியது.

'ணங்.'

பொறி பறந்ததை எல்லோரும் பார்த்தோம். அரிவாள் தெறித்துப் பந்தல்காலில் போய்க் குத்தியது, ஜெபராஜ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தங்கையாவின் கழுத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு சிவப்பு, தோல்கூடக் கிழியவில்லை. மதினி ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டு கதறினார். தங்கையா கழுத்தில் செயின் கிடந்திருக்கும் என்று போதகர் பிறகு சொன்னார். செயின் இல்லை, நான் பார்த்தேன்.

மேசையில் இரும்பு வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு வெட்டு.

தங்கையா கோர்ட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு இப்போது உள்ளே இருக்கிறான். ஜெபராஜ் அப்பாவின் கிட்டாரை வாசிக்கிறான். இரும்பு என் பெட்டியில் துணி சுற்றிக் கிடக்கும், மேடை ஏறும்முன் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். போன சாரலில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி வயரெல்லாம் சில்லென்று கிடந்தது. துணியைப் பிரித்து வாங்கியவன் அப்பாவைப் போலவே அக்குளுக்குக் கொண்டுபோனான், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"சித்தப்பா, நீங்க சூடு பண்ணி வச்சியளா?"

ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேட்கிறான். நானும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.