கணினிக்குப் போட்ட பிள்ளையார் சுழி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் செயல்முறைக் குறிப்புகள் எழுதுவதே என் வேலையாக இருந்தது. போல்ட்டை எந்தக் கையால் எடுப்பது, எந்தப் பக்கம் திருகுவது, திருகியபின் யாரிடம் காட்டுவது என்று எல்லாவற்றையும் எழுதி இயந்திரத்துக்கு மேலே ஒட்டுவேன். புதிதாக வந்தவர் அதைப் படித்துவிட்டு யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்க வேண்டும். ஓய்வு பெற்றபின் குக்கருக்கும் ஒரு குறிப்பு எழுதி ஒட்டினேன். மறுநாள் காலையில் குக்கர் இருந்தது, குறிப்பு இல்லை.

அதைக் கிழித்த என் மனைவி சென்ற மாதம் இணையத்தில் நிரல் எழுதும் வகுப்பில் சேர்ந்தாள். தர்மபுரியில் இருக்கும் அவள் தங்கை சேர்ந்ததுதான் காரணம். முதல் வீட்டுப்பாடம் சிறியது. மென்பொருளை நிறுவி, ஆங்கில எழுத்தில் ‘வணக்கம்’ என்று திரையில் வரவழைத்து, அதைப் படமெடுத்து அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களைப் பின்னால் தொடங்கும் அடுத்த பேட்ச்சுக்கு மாற்றிவிடுவார்கள். தங்கை காலையிலேயே “முடிச்சிட்டேன்” என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

“அவ எனக்கு சீனியரா? அவளுக்கு சடை பின்னிவுட்டதே நானு!” என்றாள் மனைவி. “ஏங்க, ஊருக்கெல்லாம் புரொசீஜர் எழுதுனீங்களே, இதப் பாருங்க.”

பார்த்தேன். நிறுவும் குறிப்பின் முதல் வரியே ‘இது மிக எளிது’ என்றது. அவ்வளவு எளிதென்றால் கீழே அத்தனை பக்கம் எதற்கு? இந்த மென்பொருளை நிறுவ முதலில் இன்னொன்று வேண்டும். அதை நிறுவ மூன்றாவதாக ஒன்று. அந்த மூன்றாவதோ, புதிய பதிப்பு ஆகாது, பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது. எந்தப் பழையது? ‘உங்கள் கணினிக்கு ஏற்றதை’ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதற்கு நடுவில், ஓசூரில் இருக்கும் நாங்கள் பெங்களூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் கன்னடத்தில் விளம்பரம் காட்டியது. எனக்குத் தெரிந்த கன்னடம் தக்காளி விலையோடு நின்றுவிடும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் வழி கேட்டால், “பழைய மாங்கூழ் ஃபேக்டரி கிட்ட திரும்புங்க” என்பார்கள். அந்த ஃபேக்டரியை இடித்து, அங்கே கல்யாண மண்டபம் கட்டி, அதற்கும் பழைய பெயிண்ட் ஆகியிருக்கும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு ஃபேக்டரி இன்னும் அங்கேயே நிற்கிறது. இந்தக் குறிப்பை எழுதியவர்களும் அப்படித்தான். அவர்கள் கணினியில் வேண்டியதெல்லாம் எப்போதோ ஏறி உட்கார்ந்துவிட்டது. வெறுங்கணினியோடு வருகிறவனின் திண்டாட்டம் அவர்களுக்கு மறந்தே போயிருக்கும்.

ஒருவழியாக மூன்றையும் நிறுவி, இயக்கினோம். சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் நிறையப் பிழைச்செய்தி வந்தது. நான் முறைப்படி கடைசி வரியிலிருந்து ஆராய ஆரம்பித்தேன். மனைவி நடுவில் விரலை வைத்தாள்.

“இங்க பாருங்க. யூசர்ஸ்னு இருக்குது. அதுக்கப்புறம் என்னா கட்டம் கட்டமா கெடக்குது?”

கட்டம் இருந்த இடத்தில் வர வேண்டியது கணினியின் பயனர் பெயர். எங்கள் கணினியின் பயனர் பெயர் ‘உ லாபம்’.

இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். என் மாமனார் மளிகைக்கடை வைத்திருந்தவர். அந்த வீட்டில் பிறந்தவர்கள் எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டு, பக்கத்தில் லாபம் என்று எழுதாமல் தொடங்கமாட்டார்கள். பரீட்சைத் தாளுக்கும் அதே மரியாதைதான். கணினி வாங்கியதும் மனைவி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். அது பெயர் கேட்டதும் ‘உ லாபம்’ என்று தமிழில் அடித்துவிட்டாள். மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தும் ஆகவில்லை, நடுவில் விட்ட இடமும் ஆகவில்லை.

“பிள்ளையாராலதான் நிக்குது” என்றேன்.

“வாயக் கழுவுங்க! தடைய எடுக்கறவரே அவருதான். அவரு போயி தடை பண்ணுவாரா?”

அமைப்புகளுக்குள் போய்ப் பெயரை மாற்றினேன். பெயர் மாறியது, உள்ளே இருந்த கோப்புறையின் பெயர் மாறவில்லை. ஆதாரில் திருத்தியபிறகும் ரேஷன் கார்டில் பழைய பெயர் உட்கார்ந்திருக்குமே, அதே கதை. புதிய பயனரைத்தான் உருவாக்க வேண்டும். பிள்ளையார் சுழி இல்லாமல் தொடங்க அவள் சம்மதிக்கவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஆங்கில யூ மட்டும் போடு” என்றேன். “போன்ல உப்புமான்னு வரவழைக்க மொதல்ல தட்டுறது யூ தானே? அதுவும் உ-தான்.”

கொஞ்சம் யோசித்தாள். “சரி. லாபம் வேணாம். வணக்கம் வந்தா போதும்.”

மூன்றையும் மறுபடி நிறுவினோம். வணக்கம் வந்தது. படமெடுத்து வகுப்புக் குழுவில் போட்ட சூட்டோடு தங்கையிடமிருந்து அழைப்பு. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, உனக்கு எப்பிடிக்கா வந்துச்சி? எனக்கு காலைல இருந்து கட்டம் கட்டமாவே வருதுக்கா.”

“காலையிலயே முடிச்சிட்டேன்னு சொன்ன?”

“டவுன்லோடு முடிச்சேன்னு சொன்னேன். மாமா இருக்காரா? அவர்கிட்ட குடேன்.”

“அவரு எதுக்குடி? ரொம்ப ஈஸி. யூன்னு ஒரு புது யூசர் போட்டுக்க. மத்ததெல்லாம் தானா வந்துரும்.”

நான் பதறி, நடுவில் விட்டுப்போனவற்றை விரலால் எண்ணிக் காட்டினேன். அவள் போனைப் பொத்திக்கொண்டு, “அதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? சீனியர் ஆகப்போறவ” என்றாள்.

“அக்கா, நெஜமாவே ஒண்ணும் புரியலக்கா. அடுத்த பேட்ச்ல போட்டுட்டா நான் தனியாதான் படிக்கணும்.”

மனைவி போனைப் பொத்திய கையை எடுத்தாள். தங்கை இல்லாத வகுப்பில் அவள் யாரை முந்துவது? நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“போன வெக்காத. இப்ப உன் கம்ப்யூட்டர்ல என்னா தெரியுது? அத மட்டும் சொல்லு.”

“பிள்ளையாரு தெரியுறாருக்கா. வால்பேப்பர்ல.”

“அவர அப்பிடியே வுடு. அங்க இருந்தா ஒண்ணும் பண்ணமாட்டாரு.”